சும்மா வைத்துப் பார்த்த அக்கா

எங்கள் கல்லூரி கேன்டீன்காரருக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது. காரணம் இருந்தது. டீயை வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். "ஏனுங்ணா, டீத்தூள் போடாம வெறும் சுடுதண்ணி ஒரு டம்ளர் குடுங்க" என்று கேட்பார். முதலில் அதில் ஒரு மிடறு, அப்புறம் டீயில் ஒரு மிடறு. ஒருநாள் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "டீத்தூள் மேல குத்தமில்லீங்க. தண்ணியிலதான் உப்பு. சிறுவாணித் தண்ணின்னு போர்டு வெச்சுப்போட்டு போர் தண்ணிய ஊத்தறீங்களே, இது ஞாயமுங்களா?" அடுத்த வாரம் போர்டைக் கழற்றிவிட்டார்கள். தண்ணீர் மாறவில்லை.

அக்கா என்று சொல்வது உறவுமுறையில் இல்லை. அவர் இயற்பியல் விரிவுரையாளர், நான் உயிர்வேதியியல். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். இருவரும் கணபதியிலிருந்து காந்திபுரம் வந்து, பஸ் மாறி, பீளமேட்டிலிருக்கும் கல்லூரிக்குப் போகிறவர்கள். தொண்ணூறுகளில் ஏழெட்டு வருடம் அந்த இரண்டு பஸ்ஸில்தான் எங்கள் சினேகம் வளர்ந்தது. சத்தியமங்கலத்திலிருந்து வேலைக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருந்த என்னை அவர் "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பெயரை இங்கே எழுதினால், "நடந்தத எழுதச் சொன்னா என்னைய எதுக்கு எழுதறே?" என்று சண்டைக்கு வருவார். ஆகவே எழுதவில்லை.

அவருக்கென்று ஒரு சொல் இருந்தது: சும்மா. நாம் பத்து அர்த்தத்தில் புழங்குகிற அந்தச் சொல்லை அவர் ஒரே அர்த்தத்தில் பிடித்து வைத்திருந்தார். எதைச் சோதித்தாலும், சோதிக்கிற பொருளை எடுத்துவிட்டு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதுதான் சும்மா. அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இடது பத்திக்கு மேலே தமிழில் 'சும்மா' என்று எழுதியிருக்கும். யாராவது எதையாவது கண்டுபிடித்துவிட்டதாக வந்து நின்றால், "சும்மா வெச்சுப் பாத்தீங்களா?" என்பார். பாதிப் பேர் அதோடு திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கே பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. ஒரு நல்ல செய்தியை அவரிடம் நிம்மதியாகச் சொல்ல முடியாது.

வீட்டிலும் இதே கதைதான். மாமியாருக்கு முழங்கால் வலி. டை கட்டிய ஒருவர் ஒரு பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு அதிலிருந்து கிளம்பி உடம்பின் அணுவையெல்லாம் தட்டி எழுப்பும் என்றார். ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். அக்கா ஒருநாள் பாட்டரியோடும் ஒருநாள் பாட்டரியைக் கழற்றிவிட்டும் மாற்றி மாற்றி மாமியாருக்குக் கட்டிவிட்டார். ஏழு நாளும் வலி குறைந்ததாக மாமியார் சொன்னார். விற்க வந்தவரிடம் அக்கா, "பாட்டரி இல்லாத அன்னைக்கும் கொறஞ்சுதுங்களே. அப்ப எது தட்டி எழுப்புச்சுங்க?" என்று கேட்டார். அவர் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். "கொறஞ்ச வலிய எதுக்கு அம்மணி கேள்வி கேட்டே?" என்று மாமியார் சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே வலி திரும்பிவிட்டது. அதற்கும் மருமகள்தான் காரணமாம்.

நாற்பதை நெருங்கும்போது அக்கா பி.எச்டி.க்குப் பதிவு செய்தார். எடுத்துக்கொண்டது டி.என்.ஏ.வின் அதிர்வுகள். டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்த ஏணி அசையாமல் கிடப்பதில்லை. அதன் அணுக்கள் தனித்தனியாகத் துடிப்பது போக, நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரே ஆட்டமாகவும் ஆடுகின்றன. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் புரண்டால் மறுமுனையில் படுத்திருப்பவரும் ஆடுவாரே, அந்த மாதிரி. இந்தக் கூட்டு ஆட்டத்தால்தான் ஏணியின் இரண்டு பக்கமும் சில இடங்களில் விலகித் திறக்கிறதா, திறந்த இடத்தில்தான் உயிரணு தன் செய்தியைப் படிக்கிறதா என்று அப்போது பலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் இருப்பதில் சண்டை இல்லை. அதனால் உயிருக்கு ஏதாவது உபயோகம் உண்டா என்பதில்தான் சண்டை. சண்டை என்றதும் அக்காவுக்குப் பிடித்துப் போயிற்று.

டி.என்.ஏ. எடுத்துக் கொடுப்பது என் வேலை. இளம் ஆட்டின் நெஞ்சுக்கு மேலே உள்ள தைமஸ் சுரப்பியில் அது நிறையக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குப்போசியில் ஐஸ் போட்டுக்கொண்டு கோட்டைமேட்டில் ஒரு பாயின் கறிக்கடைக்குப் போவோம். "ஈரல் கேப்பாங்க, மூளை கேப்பாங்க. நீங்க என்னமோ தொண்டைக்குக் கீழ இருக்கறதக் கேக்கறீங்களே டீச்சர், இத எப்படிங்க சமைப்பீங்க?" என்று அவர் கேட்டார். சமைக்க இல்லை, உள்ளே மெல்லிசாக நூல் மாதிரி ஒன்று இருக்கிறது, அதை எடுக்கத்தான் என்றேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நம்மூர்ல பஞ்சுல நூல் எடுத்தது பத்தாதுன்னு ஆட்டுலயும் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா!" என்று சிரித்தார். அவர் சொன்னது தப்பில்லை. அரைத்து, உப்பு நீரில் கரைத்து, சில்லென்ற ஆல்கஹாலை மேலே விட்டால் வெள்ளை வெள்ளையாக இழை திரளும். அதைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் பரப்பிக் காய வைத்தால் மெல்லிய படலமாகிவிடும்.

அந்தப் படலத்தின் மேல் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். பட்டுச் சிதறி வரும் ஒளியில் ஒரு துளி நிறம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து, படலம் எந்த வேகத்தில் அதிர்கிறது என்று கணக்கிடலாம். கருவி, எங்கோ வெளிநாட்டில் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழசு. லேசர் சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். அதற்கான மோட்டார் அக்காவின் கணவர், அவர் சொல்கிறபடி 'வீட்டுக்காரர்', கணபதியில் தன் பட்டறையில் செய்து கொடுத்தது. ஆறு மாதம் மல்லுக்கட்டிய பிறகு ஒருநாள், காகிதச் சுருளில் ஓடிக்கொண்டிருந்த பேனா, லேசரின் சொந்த நிறம் விழுகிற பச்சைக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு கூர்மையான மேட்டை வரைந்தது. அக்காவின் வழிகாட்டியும் இயற்பியல் துறைத்தலைவருமாக இருந்தவர் அதற்கு அன்றே 'பீளமேடு' என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் ஆய்வகத்தில் யாரைப் பார்த்தாலும் "பீளமேடு வந்துருச்சுங்களா?" என்பதுதான் பேச்சு.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. மோட்டார் ஆட்டத்தால் வந்த மேடாக இருக்குமோ என்றார். அது வீட்டுக்காரர் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'என்னுடைய' என்பது 'என்ற' ஆகிவிடும். "என்ற மோட்டார் ஆடுதாமா? நீங்களே பாருங்க மேடம்" என்று என்னை சாட்சிக்குக் கூப்பிட்டு, ஓடுகிற மோட்டார் மேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்கா குறிப்பேட்டில் 'மோட்டார் இல்லை' என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்புறம் சும்மா. கண்ணாடித் துண்டில் படலம் எதுவும் இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்தார். பேனா ஒரே நேர்கோடாகப் போட்டது. மேட்டைக் காணோம். அப்படியானால் மேடு டி.என்.ஏ.வுடையதுதான். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

துறைத்தலைவர், அக்கா, நான் என்று மூன்று பேர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. துறைத்தலைவர் நிருபரைக் கூப்பிட்டுப் பேச, 'மரபணு பாடுகிறது' என்று பேப்பரில் வந்தது. எங்கள் அப்பா அதை வெட்டி சத்தியமங்கலத்துக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தார். என் பதவி உயர்வு விண்ணப்பத்தில் முதல் வரியே அந்தக் கட்டுரைதான்.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் கோந்து பாட்டில் காய்ந்து கிடந்தது. கண்ணாடித் துண்டுகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த சோற்றில் நாலு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டினேன். வீட்டில் கவர் ஒட்டுகிற மாதிரிதான். படலம் இல்லாத ஒரு துண்டில் தவறுதலாகச் சோற்றைத் தேய்த்துவிட்டு, அதைத் துண்டுகள் வைக்கிற தட்டின் ஓரத்தில் வைத்தேன். காய்ந்ததும் அது படலம் போலவே மின்னியிருக்க வேண்டும். அக்கா அதைத்தான் எடுத்து ஓட்டியிருக்கிறார். அதே இடத்தில் அதே கூர்மையில் பீளமேடு வந்தது.

சாயங்காலம் எண்ணிப் பார்க்கையில் என் ஆறு படலமும் பெட்டியில் அப்படியே இருந்தன. அப்படியென்றால் ஓடியது எது? கருவியிலிருந்த துண்டை எடுத்து ஒரு மூலையில் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. மாவுச்சத்து. சோறேதான். நடுவில் என் கட்டைவிரல் ரேகை கூடப் பதிந்திருந்தது.

அன்று பஸ்ஸில் வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த பேப்பர்தான் கண் முன்னால் நின்றது. துண்டைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இராத்திரி நினைத்ததும் உண்டு, அதை இங்கே மறைக்கவில்லை. காலையில் காந்திபுரத்தில் பஸ் மாறுகிறபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, நேத்து ஓட்டுனது டி.என்.ஏ. இல்லீங்க."

"பொறவு?"

"சோறுங்க. லேபிள் ஒட்டுன சோறு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். பீளமேட்டு பஸ் வந்து போனது, அவர் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே குறிப்பேட்டை எடுத்து அந்தப் பழைய நேர்கோட்டைப் பார்த்தார். "நான் வெச்சுப் பாத்தது சும்மாவே இல்லை அம்மணி. வெறும் கண்ணாடின்னா வெளிச்சம் நேரா வெளிய போயிருது. பட்டுச் சிதற ஒண்ணு வேணுமல்ல? சும்மான்னா ஒண்ணுமே இல்லாததுன்னு நெனச்சுப்போட்டேன் பாரு. அது மட்டும் இல்லாம மத்ததெல்லாம் இருக்கோணும். அதுதான் சும்மா. இத்தனை வருசமா எல்லாரையும் கேட்டுப்போட்டு நானே தப்பா வெச்சிருக்கறேன்" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று முழுக்க ஓட்டினார். சாக்பீஸ் வைத்தார். சுவரில் உரிந்த சுண்ணாம்பை வைத்தார். சலவை சோப்பு வைத்தார். எல்லாவற்றுக்கும் பீளமேடு வந்தது. லேசர் குழாய்க்குள் பச்சையோடு கூட மங்கலாக வேறு சில வெளிச்சங்களும் பிறக்கும். அதில் ஒன்று பச்சைக்கு ஒட்டியே வந்து, எதன் மேல் பட்டாலும் சிதறி, மேடாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது. பாடியது மரபணு இல்லை. லேசர் குழாய்தான்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். "அவசரப்படாதீங்க மேடம், பாத்துக்கலாமுங்க" என்றார் அவர். பாத்துக்கலாம் என்று அவர் சொன்னால் பார்க்க மாட்டார் என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில், வெளியூர் ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அக்கா மேடை ஏறி அந்தப் பழைய மேட்டையும் சோற்று மேட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் போட்டுவிட்டார். "நாங்க போட்ட கட்டுரை தப்புங்க. ரேஷன் அரிசிச் சோத்துக்கும் இதே மேடு வருதுங்க" என்றார்.

எங்கள் ஊரில் சண்டை முற்ற முற்ற மரியாதை கூடும். துறைத்தலைவர் எழுந்தார். "கொஞ்சம் உக்காருங்க மேடம். கண்ணாடியில சோத்த ஒட்டுன அறிவாளி யாருங்க? அதையாவது சொல்லுங்க."

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பதவி உயர்வுக்கான நேர்காணல் அடுத்த வாரம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சோதனை என்றதுங்க சார். அதுல ஒட்டுனது எல்லாத்துக்கும் நாந்தான் பொறுப்பு" என்றார். நான் எழுந்து நிற்கவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் 'சோத்து மேடம்' ஆகிவிட்டது. மாணவர்கள் கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குத்தான் சுருக்கென்றது. பதவி உயர்வும் அந்த வருடம் வரவில்லை. அது வேறு காரணம் என்றார்கள்.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு முப்பட்டகக் கண்ணாடியைத் தாங்குகிற பித்தளை நிலை கடைந்து வாங்கி, லேசருக்கு முன்னால் வைத்து வேண்டாத வெளிச்சங்களை ஒதுக்கினார். சோறு, சாக்பீஸ், சோப்பு எதற்கும் இப்போது மேடு இல்லை. பிறகு டி.என்.ஏ. படலத்தை வைத்தார். நேர்கோட்டில் மெலிதாக, அகலமாக ஒரு புடைப்பு. பழைய மேடு இருந்தபோது அதன் பக்கத்தில் கண்ணுக்கே பட்டிருக்காது. பத்துத் தடவை வைத்தார், பத்துத் தடவையும் வந்தது. சோற்றை வைத்தால் வரவில்லை. நூற்றுக்கணக்கான அணுக்கள் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அதுதான். ஆனால் படலத்தில் ஈரம் ஏற ஏற அந்தப் புடைப்பு பச்சைக் கோட்டை நோக்கி நகர்ந்து, அகன்று, கடைசியில் அதன் ஓரத்தில் கரைந்து போயிற்று. உயிரணுவுக்குள் டி.என்.ஏ. எப்போதும் ஈரத்தில்தான் இருக்கிறது. அந்த ஈரத்தில் ஆட்டம் உயிரோடிருந்து ஏணியைத் திறக்கிறதா, அல்லது அமுங்கிப் போகிறதா? அவர் கருவியால் அதைச் சொல்ல முடியவில்லை.

ஆகவே ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில், இந்த அதிர்வுக்கு உயிரில் என்ன வேலை என்ற தலைப்பின் கீழ், ஆங்கிலத்தில் நாலே சொல் எழுதினார். தமிழில் சொன்னால் ஒரே சொல்தான்: தெரியவில்லை.

துறைத்தலைவர் அதை அடித்துவிட்டு, உயிரணு தன் செய்தியைப் படிப்பதற்கு இந்த அதிர்வே காரணம் என்று அழகாக ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அக்கா அதை அடித்துவிட்டுப் பழையதையே எழுதினார். இப்படி நாலு தடவை. தட்டச்சு செய்த பையன் அழாத குறை. பதிவுக் காலம் முடிய மூன்று மாதம்தான் இருந்தது, நீட்டிப்பும் வாங்கி முடிந்துவிட்டது. இது போனால் பட்டம் போச்சு. "ஒரு வரிதானுங்க அக்கா, போட்டுட்டுப் போங்களேன்" என்று நானே சொன்னேன். சொன்னதற்கு அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்த ஒரு வரிக்குச் சும்மா எங்க இருக்குது அம்மணி? காட்டு, போட்டர்றேன்" என்றார். நாலு சொல்லோடுதான் ஆய்வேடு போயிற்று.

வாய்மொழித் தேர்வு நாளன்று அறை நிறைந்திருந்தது. சோத்து மேடம் என்ன ஆகிறார் என்று பார்க்க வந்த கூட்டம். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த தலையோடு அமைதியாக உட்கார்ந்து ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். நான் பின் வரிசையில், கண்ணாடித் துண்டுகள் இருந்த மரப்பெட்டியை மடியில் வைத்திருந்தேன். அக்கா பேசி முடித்ததும் துறைத்தலைவர்தான் முதலில் கேட்டார்.

"ஏழு வருசம் ஆச்சுங்க மேடம். கடைசியில தெரியாதுன்னு எழுதியிருக்கறீங்க. ஏழு வருசமா என்னதானுங்க செஞ்சீங்க?"

"சும்மா வெச்சுப் பாத்தேனுங்க சார்."

அறை கொல்லென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. நிமிர்ந்து அப்படியே நின்றார். தேர்வாளர் கையை உயர்த்தினார். "சும்மான்னா என்னம்மா?"

"டி.என்.ஏ. மட்டும் இல்லாம மத்ததெல்லாம் இருக்கறதுங்க ஐயா. எனக்கு அதைச் சோறு ஒட்டுன ஒரு கண்ணாடி காட்டிக் குடுத்துச்சுங்க. அது இல்லீன்னா ஒரு பொய்ய எழுதி உங்க முன்னால கொண்டாந்து வெச்சிருப்பேன்."

"அதை ஒட்டினது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க சார்" என்றார் துறைத்தலைவர். "பொறுப்பில்லாத யாரோ ஒருத்தர்."

"பொறுப்பு என்றதுன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டேனுங்களே" என்றார் அக்கா. இந்தத் தடவையும் என் பக்கம் பார்க்கவில்லை.

என் கால் எப்படி எழுந்தது என்று எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து, மூலையில் கருநீலக் கறை படிந்த அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தேர்வாளர் கையெழுத்துப் போட்டதும், என் பதவி உயர்வு மேலும் நாலு வருடம் தள்ளிப் போனதும் இதற்கு அப்புறம் நடந்தவை. அவர் துண்டை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு கைரேகை இருக்கே, யாரோடது?"

"என்றதுங்க ஐயா" என்றேன். "சோறும் என்றதுதானுங்க."